எதிர்மனையில் என்ன வரும்?

எங்கள் நகரில் புதிதாக மனை வாங்குகிறவர்கள் குடியிருப்போர் சங்கத்தில் சேர வரும்போது இரண்டு கேள்வி கேட்பார்கள். போர் எத்தனை அடியில் தண்ணீர் தருகிறது என்பது ஒன்று. எதிரே காலியாகக் கிடக்கிற இடத்தில் என்ன வரும் என்பது இன்னொன்று. இரண்டையும் பத்திரப் பதிவு முடிந்த பிறகுதான் கேட்கிறார்கள். மூலப்பத்திரம் பார்த்திருப்பார்கள், முப்பது வருட வில்லங்கச் சான்று எடுத்திருப்பார்கள், வக்கீல் கருத்து வாங்கியிருப்பார்கள், வாஸ்து பார்ப்பவரைக் காரில் அழைத்து வந்து ஈசானிய மூலையைக்கூடக் காட்டியிருப்பார்கள். எதிர்மனை எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பார்ப்பது பெரிய வித்தையில்லை. சென்னைப் பெருநகருக்கு முதல் முழுமைத் திட்டம் 1970-களிலேயே வந்துவிட்டது. 2026-ஐ இலக்காக வைத்த இரண்டாவது திட்டம் 2008 செப்டம்பரில் அமலுக்கு வந்தது. முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, விவசாயம் என்று ஒவ்வொரு கிராமத்தின் சர்வே எண்களுக்கும் நிறம் பூசி வைத்திருக்கிறார்கள். எதிர்மனைக்குப் பூசியிருக்கிற நிறம்தான் அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில். அந்த நிறமும் மாறும். அங்கேதான் வம்பு.

மாறப்போவதை முன்கூட்டியே சொல்லத்தான் சொல்கிறார்கள். நாளிதழின் உள்பக்கத்தில், தொலைந்துபோன பத்திரம், பெயர் மாற்றம், ஏல அறிவிப்பு இவற்றுக்கு நடுவே ஒரு சின்னக் கட்டம். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இன்ன உட்பிரிவு, இந்தப் பயன்பாட்டிலிருந்து அந்தப் பயன்பாட்டுக்கு மாற்றக் கோரி விண்ணப்பம் வந்திருக்கிறது, ஆட்சேபணை இருந்தால் இந்த நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும். தெருப் பெயர் இருக்காது, 'பிள்ளையார் கோயிலுக்குப் பின்பக்கம்' என்றும் இருக்காது. வீட்டுக் கதவு எண்ணையும் பின்கோடையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற நாம், சர்வே எண்ணைக் கேட்டால் பீரோவைத் திறந்து பத்திரத்தைத் தேடப் போகிறோம். அறிவிப்பு நமக்காக வந்தது என்பது பொக்லைன் வந்து நிற்கும் அன்றுதான் தெரிகிறது.

எங்கள் நகருக்கு அப்படி ஒரு கட்டம் வந்தது. தாம்பரத்துக்குக் கிழக்கே இருக்கிறோம். 2015 வெள்ளம் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மெயின் ரோட்டுக்கு முன்பக்கமும் எங்கள் தெருவுக்குப் பின்பக்கமும் காட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய இடத்தை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்ற விண்ணப்பம். கல்யாண மண்டபமும் கீழே கடைகளும் வரப்போகின்றன என்று டீக்கடையில் பேச்சு. மொட்டை மாடியில் கூட்டம் போட்டோம். அத்தனை பேர் கூடி அதற்கு முன்பு பார்த்ததில்லை. சந்தா கேட்டால் இதில் பாதிப் பேர் ஊரிலேயே இருக்க மாட்டார்கள்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நடுராத்திரி வரைக்கும் பாட்டுக் கச்சேரி நடக்கும். எச்சில் இலை நாறும். கண்டகண்ட ஆட்கள் வருவார்கள். அமைதியான ஏரியா என்றுதானே இவ்வளவு விலை கொடுத்து வாங்கினோம்? தெருவோ முப்பது அடி, அதில் எப்படி நூறு கார் போகும் என்று ஒருவர் எழுந்து கேட்டார். மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருந்த ஒரு பெண், ஐ.டி. கம்பெனி வேலை, பையிலிருந்து டேப்பை எடுத்து, "சார், நான் காலையில அளந்து பார்த்தேன். ரெண்டு பக்கமும் வீட்டு ராம்ப், படி, செடித்தொட்டி எல்லாம் போக நடுவுல இருபத்திரண்டு அடிதான் இருக்கு" என்றாள். முப்பது அடி பேசியவர் உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டு ராம்ப்தான் அந்தத் தெருவிலேயே நீளம்.

டவுன் பஸ்ஸில் பார்த்திருப்பீர்கள். படியில் தொற்றிக்கொண்டு கடைசியாக ஏறியவர்தான் அடுத்த நொடியே திரும்பி, 'இடமில்லை, இடமில்லை, போலாம் ரைட்' என்று கத்துவார். எங்கள் கூட்டம் எனக்கு அப்படித்தான் பட்டது. எங்கள் நகர் முழுக்க நெல் விளைந்த நஞ்சை. அதை மனையாகப் பிரித்து முச்சந்தியில் கல் நட்டபோது பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் கூட்டம் போட்டிருந்தால், இந்த மொட்டை மாடியே இருந்திருக்காது. இதைச் சொன்னபோது சிலருக்கு முகம் கறுத்தது. "அப்போ எதுவுமே கேட்கக் கூடாதா சார்?" என்றார்கள். கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். பிறகு வந்தவன் வரக்கூடாது என்று கேட்டால் நம் குரலுக்கு மதிப்பில்லை. வருகிறவனும் ஏற்கெனவே இருக்கிறவனும் சேர்ந்து எதில் மாட்டிக்கொள்வோம் என்று கேட்டால் எதிர்த்தரப்புக்குக்கூடப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

என்ன கேட்பது என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் நகர்க்காரரே அல்ல. பழைய ஊர்த் தெருவில் இருக்கிற ஒரு பெரியவர். எங்கள் மனைகளில் சில அவர் குடும்பத்துக் கழனியாக இருந்தவை. மாடு ஓட்டிக்கொண்டு போகிறவரை நிறுத்தி, "பெரியவரே, நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று மனுவை நீட்டினேன். படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சத்தம் வரும்னு எழுதினா எவன் சார் படிப்பான்? தண்ணி எப்படிப் போவும்னு எழுதுங்க."

அன்று சாயங்காலம் என்னை அந்த இடத்துக்கே கூட்டிப் போனார். வேலிக்காத்தான் புதரை அரிவாளால் விலக்கி ஒரு பள்ளத்தைக் காட்டினார். எனக்கு அது குப்பை கொட்டுகிற பள்ளமாகத்தான் தெரிந்தது. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிகிற தண்ணீர் வருகிற வாய்க்கால் அது. அங்கிருந்து எந்த வரப்போரமாகத் திரும்பும், எந்த மரத்தடியில் இன்னொரு கால்வாயோடு சேரும் என்று கையை நீட்டிக்கொண்டே சொன்னார். அவர் கை காட்டிய திசையில் எங்கள் நகரின் நான்கைந்து காம்பவுண்டுச் சுவர்கள் நின்றன. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், அது நிரம்பினால் கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியில் சுவர் எழுப்பினாலும் தண்ணீர் தன் பாட்டுக்கு வேறு வழி தேடும், அந்த வழி நம் வரவேற்பறையாகவும் இருக்கலாம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அன்றைக்கு எங்கள் தெருவில் தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று எல்லோருக்கும் நினைவிருந்தது. ஏன் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைப் பெரியவர் காட்டித்தான் தெரிந்துகொண்டோம்.

அதற்கப்புறம் வேலை எளிதாயிற்று என்று சொல்ல மாட்டேன், திசை தெரிந்தது. அந்த ஐ.டி. பெண் வருவாய்த் துறை இணையதளத்தில் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுத்தாள். அந்தப் பள்ளம் வாய்க்கால் புறம்போக்கு என்று தெளிவாக இருந்தது. பழைய கிராம வரைபடத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் முத்திரை ஒட்டி மனுப் போட்டோம். முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். எங்களுக்குப் பதில் வருவதற்குள் ஒரு மேல்முறையீடும் எழுத வேண்டியிருந்தது. ஏற்கெனவே எழுதிய மனுவைக் கிழித்துப் போட்டோம். புது மனுவில் பாட்டுக் கச்சேரி இல்லை, கண்டகண்ட ஆட்கள் இல்லை. வாய்க்காலின் சர்வே எண், அகலம், வெள்ளத்தன்று தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சுவரில் இருக்கும் கறையின் புகைப்படம், பின்பக்கத் தெருவின் உண்மையான அகலம். கேட்டது இரண்டு. வாய்க்காலைத் தொடாமல் கட்டட வரைபடம் போட வேண்டும், வாசல் மெயின் ரோட்டுப் பக்கம் மட்டும் இருக்க வேண்டும்.

தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என் பங்குக்கு ஒன்று செய்தேன். ஆளாளுக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னேன். (அந்தப் பதிவுத் தபாலை 2025-இல் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். எங்கள் தலைமுறை ஆட்களுக்கு அது ஒரு துக்கச் செய்தி.) நூறு கையெழுத்துப் போட்ட ஒரே மனு கோப்பில் ஒரு காகிதமாகத்தான் இருக்கும். நாற்பது பேர் தனித்தனியாக எழுதினால் நாற்பது காகிதம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரவு எண். நேரில் போய்க் கொடுத்தாலும் சீல் வைத்த நகல் இல்லாமல் திரும்பக் கூடாது. அந்த அலுவலகத்தில் முதல் தடவை எங்களை மாடிக்கும் கீழுக்கும் அலையவிட்டார்கள். நகலும் எண்ணும் கையில் இருந்ததால் அடுத்த தடவை நாற்காலி கொடுத்தார்கள்.

மண்டபம் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை ரொம்ப இனிப்பாகிவிடும். பின்பக்க கேட் இல்லை, வாய்க்காலுக்கு மேல் கட்டடமில்லை, ஓரமாக ஒரு கல்வெர்ட் போட்டுக் கொடுத்தார்கள். சத்தம் இருக்கிறது. முகூர்த்த நாளில் மெயின் ரோட்டில் வண்டி நகராது. ஆனாலும் அந்த மண்டபத்தில் முதல் வளைகாப்பு நடத்தியது யார் என்று கேளுங்கள், மொட்டை மாடிக் கூட்டத்தில் எல்லோரையும்விட உரக்கப் பேசிய வீட்டுக்காரர்தான். நான் போய்ச் சாப்பிட்டேன். வத்தக்குழம்பு நன்றாக இருந்தது.

மண்டபத்தை எதிர்த்த அதே ஆட்கள் கண்டுகொள்ளாமல் விட்ட மாற்றம் ஒன்று உண்டு. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. உயரமில்லாத கட்டடங்களுக்கு மனைப்பரப்பைப் போல ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்ததை இரண்டு மடங்காக்கினார்கள். ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனையில் 3,600 சதுர அடி கட்டலாம் என்பது 4,800 ஆயிற்று. இதற்கு எதிர்மனையின் நிறம் மாற வேண்டியதில்லை, எந்தத் தெருவின் சர்வே எண்ணும் நாளிதழில் வரவேண்டியதில்லை. ஒரே நாளில் மாநிலம் முழுக்க ஒவ்வொரு மனையும் மேல்நோக்கி வளர்ந்துவிட்டது. எங்கள் தெருவில் தனி வீடாக இருந்தவை ஒவ்வொன்றாக பில்டரிடம் ஜாயின்ட் வென்ச்சருக்குப் போயின. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் ஸ்டில்ட் பார்க்கிங்கும் எட்டு வீடும். அதே குழாய், அதே கழிவுநீர் லாரி, அதே இருபத்திரண்டு அடி.

இதை எதிர்த்து யாரும் கூட்டம் போடவில்லை. ஏன் போடவில்லை என்று விளக்க வேண்டுமா? மண்டபம் இன்னொருவர் லாபம், இது நம் லாபம். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், பெரிய வீட்டைப் பெருக்கித் துடைக்க முடியாத வயதில், இரண்டு ஃப்ளாட்டும் கொஞ்சம் பணமும் வருகிறதென்றால் யார் வேண்டாம் என்பார்கள்? நகரம் பக்கவாட்டில் ஏரிக்குள் பரவுவதற்கு, மேலே வளர்வது எவ்வளவோ மேல் என்றும் நினைக்கிறேன். எட்டு வீட்டுக்கான சாக்கடையும் தண்ணீரும் எட்டு வீடு வருமுன் வரவேண்டும் என்று கேட்க அப்போது ஆளில்லை. அது மட்டும்தான் என் ஆற்றாமை.

விதியை மீறிக் கட்டியவர்களைப் பற்றியும் சூடாகப் பேசுவோம். அதிலும் கொஞ்சம் பழைய கதை தெரிந்திருப்பது நல்லது. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் விதிவிலக்குத் தர அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அப்படிக் கொடுத்த 62 ஆணைகளைச் சென்னையில் இயங்கும் கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் 2000-ஆம் ஆண்டில் ரத்து செய்ய வைத்தது. தடையாணைக்கு ஓடுவதற்கு முன் கோப்பைப் படித்தவர்கள் அவர்கள். அதே தீர்ப்பில், விதிமீறல் கட்டடங்களை ஒருமுறை மட்டும் வரன்முறைப்படுத்தும் 113-ஏ பிரிவு செல்லும் என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜெயித்தவர்களுக்கும் முழு வெற்றியில்லை. 2016-இல் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது புறநகரே அதிர்ந்தது. மறு வருடம் வரன்முறை விதிகள் வந்து கட்டணம் கட்டச் சொன்னார்கள். வரிசையில் நின்றவர்களில் எத்தனையோ பேர், பஞ்சாயத்து அப்ரூவல் என்ற ஒரு ரப்பர் ஸ்டாம்பை நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போட்டவர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சங்கத்தில் சொன்னால் சண்டை வரும். ஆக்கிரமிப்பு என்ற சொல்லை நாம் குடிசையைப் பார்த்துத்தான் சொல்கிறோம். ஏரிக்கரையில் இருந்தவர்களையும் ஆற்றோரம் இருந்தவர்களையும் லாரியில் ஏற்றி செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். அனுப்பிய இடங்கள் பள்ளிக்கரணையின் ஈரத்தை ஒட்டியவை, மழைக்கு அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. தி.நகரில் நகை வாங்கப் போகிறோமே, அது 1920-களில் மாம்பலம் நெட்டேரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, வியூவுக்கு ஏரி இல்லை. அரசாங்கம் நீளமாகக் கோடு போட்டு ஏரியை மூடினால் அதற்குப் பெயர் நகரமைப்பு. அந்த மொட்டை மாடிக் கூட்டத்துக்கு வாடகைக்காரர்களைக் கூப்பிடலாமா வேண்டாமா என்றே ஒரு விவாதம் நடந்தது. கூப்பிடாமல் இருந்திருந்தால் தெருவை அளந்தவள் வந்திருக்க மாட்டாள்.

இப்போது கோடு இன்னும் வெளியே நகர்ந்திருக்கிறது. 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகர்ப் பகுதியை 2022 அக்டோபரில் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் நாற்று நட்டுக்கொண்டிருக்கிற கிராமங்களும் உள்ளே வந்துவிட்டன. மூன்றாவது முழுமைத் திட்டம் 2046 வரைக்குமானது. வரைவு வெளியான பிறகு ஆட்சேபணை சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் தரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இரண்டு மாதம் என்பது சர்வே எண்ணைத் தேடவே போய்விடும்.

என் தங்கை மகன் திருவள்ளூர் பக்கம் கொஞ்சம் நிலம் வைத்து விவசாயம் பார்க்கிறான். போன பொங்கலுக்கு வந்தபோது, "மாமா, எங்க ஊரையும் சென்னையில சேர்த்துட்டாங்களாம், நாங்க இப்போ என்ன பண்ணணும்?" என்று கேட்டான். விலை ஏறும் என்று ஊரில் பாதிப் பேருக்குச் சந்தோஷம், கழனி போய்விடும் என்று மீதிப் பேருக்குப் பயம். இரண்டும் நியாயம்தான், இரண்டு பேரையும் ஒரே மனுவில் அடக்க முடியாது என்றேன். இரண்டு பேருக்கும் வேண்டியது ஒன்று இருக்கிறது. வரைவு வருவதற்கு முன்பே கிராம வரைபடத்தை எடுத்து வைத்து, ஏரி, குளம், தாங்கல், கலங்கல், வரத்துக் கால்வாய், சுடுகாட்டுப் பாதை, மேய்க்கால் எல்லாவற்றையும் ஊர் வழக்கில் என்ன பெயரோ அந்தப் பெயரோடும் சர்வே எண்ணோடும் குறித்துக்கொள்ள வேண்டும். மடை திறந்து பழகிய கிழவர்கள் இருக்கும்போதே அவர்களோடு நடந்து போய்க் குறிக்க வேண்டும். அதைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கி, நகல் வாங்கிக்கொள்ள வேண்டும்.

"தீர்மானம் போட்டா கேட்பாங்களா மாமா?"

"கேட்கலேன்னா கோர்ட்டுல காட்ட ஒரு காகிதமாவது இருக்கும்."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன், உங்களுக்குத்தான் நடை தெரியும்" என்றான். உங்கள் ஊர் வாய்க்காலுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அவன் அப்பாவுக்குப் போன் போட்டான்.